அடுத்த வருஷம் இருப்பாளா

ஜனவரி 20, செவ்வாய்

இன்டர்னல் மதிப்பெண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பிரின்சிபால் மேடம் கூப்பிட்டனுப்பினார். கல்லூரிகளுக்கு இடையிலான கூடைப்பந்துப் போட்டிக்கு நம் அணியோடு நான் பாளையங்கோட்டைக்குப் போக வேண்டுமாம். பிள்ளைகளோடு ஓர் ஆசிரியை போயாக வேண்டும் என்பது விதி. வழக்கமாகப் போகும் ஆங்கிலத் துறை ஷர்மிளா பிரசவ விடுப்பில் இருக்கிறாள்.

"எனக்குக் கூடைப்பந்துல ஒண்ணுமே தெரியாது மேடம். நான் காமர்ஸ்."

"யாருக்குத் தெரியும்? பிள்ளைங்களப் பத்திரமாக் கூட்டிட்டுப் போய்ப் பத்திரமாக் கூட்டிட்டு வரணும். அவ்வளவுதான் ஹெப்சிபா."

எழுந்த பிறகு மறுபடி உட்காரச் சொன்னார். கதவைச் சாத்தச் சொன்னார். விளையாட்டு விடுதி ஜூனிலிருந்து கிடையாது. அந்தக் கட்டடத்தில் பாராமெடிக்கல் வகுப்புகள் வரப்போகின்றன. ஆட்டத்துக்காகச் சேர்த்த பிள்ளைகளின் இலவசத் தங்கல், சாப்பாடு, ஃபீஸ் சலுகை எல்லாமே நிற்கின்றன. நிர்வாகக் குழுவில் முடிவாகிவிட்டது. சுற்றறிக்கை மார்ச்சில்தான் ஒட்டப்படும்.

"நாலு நாள் அவங்ககூடவே இருக்கப் போறீங்க, அதனாலதான் சொல்றேன். வாய் தவறி எந்த வாக்கும் கொடுத்துடாதீங்க. பி.டி. சாருக்குக்கூடத் தெரியாது." மேசைமேல் கிடந்த கோப்புகளை அடுக்கிக்கொண்டே, "உங்க கான்ட்ராக்ட் ரினியூவலும் இங்கதான் இருக்கு. பாத்துடுறேன்" என்றார்.

இரண்டையும் சேர்த்து அவர் சொல்லவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார், அவ்வளவுதான்.

என் கணவர் ஜெபராஜ் இன்றும் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூவுக்குப் போய்விட்டு வந்தார். முகம் கழுவிவிட்டு நேராகத் துணி மடிக்க உட்கார்ந்துவிட்டார்.

ஜனவரி 22, வியாழன்

மாலையில் மைதானத்துக்குப் போனேன். ஆறு வருடமாக அந்த வழியாகத்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறேன். நின்று பார்த்ததில்லை. கோவில்பட்டியில் ஹாக்கி என்றால் டீக்கடையில்கூடப் பேச ஆள் இருக்கும். கூடைப்பந்துக்கு வேலிக்கு வெளியே இரண்டு ஆடுகள்தான் நின்றன.

பி.டி. இசக்கி சார் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு அறிமுகம் செய்தார். கேப்டன் பேச்சியம்மாள், மூன்றாம் வருடம், குள்ளம், வாய் ஓயாது. ஜன்னத், இரண்டாம் வருடம், கயத்தாறு. நல்ல உயரம். ஜெர்சிக்குள் முழுக்கைச் சட்டை, காலில் கறுப்பு லெக்கிங்ஸ். பேச வெட்கப்படுகிறாள். பந்து பலகையில் பட்டுத் திரும்பினால் மட்டும் அந்த வெட்கம் எங்கே போகிறதென்று தெரியவில்லை, இரண்டு பேரைத் தள்ளிக்கொண்டு எடுத்துவிடுகிறாள்.

"செமி ஃபைனல் போயிட்டா செலக்டர் கண்ணுல பட்டிருவா மேடம்" என்றார் சார். "யூனிவர்சிட்டி டீம்ல ஒரு தடவ பேரு வந்திட்டா போதும். ரயில்வே, போலீஸ்னு ஏதாச்சும் ஒண்ணுல ஒட்டிக்கிடலாம்."

"நல்லது சார்" என்றேன்.

ஜனவரி 27, செவ்வாய்

அணித் தேர்வு. விடுதியில் பதினான்கு பேர். ஒருத்திக்கு டைஃபாய்டு. மீதியில் ஒருத்தியைக் கழித்தால் பன்னிரண்டு. ஸ்போர்ட்ஸ் ரூமில் சார், பேச்சி, நான் மூவரும் உட்கார்ந்தோம். பதினோரு பெயர்கள் டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டன. கடைசி இடத்துக்கு முத்துமாரியா, வடிவா என்று வந்து நின்றது. முத்துமாரி மூன்றாம் வருடம். வடிவு இந்த வருடம் சேர்ந்தவள்.

"முத்துமாரிதான் சார்" என்றாள் பேச்சி. "மூணு வருஷத்துல ஒரு நாள் பிராக்டிஸ் விட்டிருப்பாளா? போன வருஷமும் கடைசி நேரத்துல அவளத்தான் கழிச்சிங்க."

"வந்தா போதுமாட்டி? ஓடணும்லா." சார் நெற்றியைத் தேய்த்தார். "சரி, வடிவுக்கு இன்னும் ரெண்டு வருஷம் கெடக்கு. இந்தத் தடவ மாரி போகட்டும். மேடம், நீங்க என்ன சொல்லுதீங்க?"

மரியாதைக்குக் கேட்டார். தலையாட்டினால் முடிந்திருக்கும்.

"வடிவு" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவதான் வேகமா ஓடுறா. நல்லா ஆடுறவளுக்குத்தானே இடம்? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு எதையும் தள்ளிப்போடக் கூடாது சார். அடுத்த வருஷம்ங்கிறது யாரு கையில இருக்கு?" நான் இவ்வளவு பேசுவேன் என்று எனக்கே தெரியாது. வகுப்பில் பேசுகிற குரல் வந்துவிட்டது.

"மிஸ், வடிவுக்கு அடுத்த வருஷம் இருக்கு. மாரிக்குத்தான் இல்ல" என்றாள் பேச்சி, குழந்தைக்குச் சொல்வதுபோல.

ஆனால் ஓட்டத்தில் வடிவுதான் மேல் என்பது சாருக்கும் தெரியும். வடிவு பெயரை எழுதிவிட்டார்.

நான் கிளம்பும்போது முத்துமாரி ஸ்போர்ட்ஸ் ரூம் வாசலில் பந்துகளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தாள். "போயிட்டு வாங்க மிஸ்" என்றாள்.

போட்டிக்கு முன்னால் விஷயத்தைச் சொன்னால் பிள்ளைகள் மனசு கலங்கும். ஆட்டம் கெடும். சொல்லாமல் இருப்பது அதற்காகத்தான்.

பிப்ரவரி 2, திங்கள்

ஃபிக்சர், அதாவது யாரோடு யார் ஆடுவது என்ற அட்டவணை, வந்துவிட்டது. பேச்சி அதைப் பெரிய சார்ட்டில் வரைந்து மெஸ் சுவரில் ஒட்டியிருக்கிறாள். பதினாறு கல்லூரிகள். யார் ஜெயிப்பார்கள் என்று ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு நிற ஸ்கெட்ச் பேனாவில் எழுத வேண்டும். அதிகம் தப்பு விடுகிறவள் ஊர் திரும்பியதும் எல்லோருடைய ஜெர்சியையும் துவைக்க வேண்டும்.

பேச்சி ஏறக்குறைய எல்லாக் கட்டத்திலும் சின்னக் கல்லூரியைத்தான் எழுதியிருந்தாள். "அப்செட் இல்லாம என்னத்துக்கு மிஸ் டோர்னமென்ட்? பெரிய காலேஜ்தான் ஜெயிக்கும்னா கோப்பையத் தபால்ல அனுப்பிரலாம்லா?"

எனக்குப் பச்சைப் பேனா கொடுத்தார்கள். பழைய முடிவுகளைச் சாரிடம் கேட்டு, தரவரிசைப்படியே எழுதினேன். காலிறுதிக் கட்டத்தில் நாகர்கோவில் கல்லூரி. அவர்கள் மூன்று வருடமாக இறுதிப் போட்டி ஆடுகிறவர்கள்.

"மிஸ் காலிறுதியில நம்ம காலேஜ் பேரையே போடல" என்றாள் வடிவு. பின்னால் யாரோ சிரித்தார்கள். ஜன்னத் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பச்சை எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிப்ரவரி 4, புதன்

பாளையங்கோட்டை. பெண்கள் விடுதி ஹாலில் தரையில் படுக்கை. குளியலறை வரிசை. இருமல் மருந்து, சேஃப்டி பின், எலக்ட்ரால் வாங்கினேன்.

முதல் ஆட்டம் திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு கடலோரக் கல்லூரியுடன். எளிதாக ஜெயிப்போம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த அணியில் ஜெனோவா என்று ஒரு மெலிந்த பெண், ஷூ முனையில் தையல் விட்டிருந்தது. அவளை நிறுத்த ஆளே இல்லை. அவள் அணியின் புள்ளிகளில் பாதிக்கு மேல் அவள் போட்டதுதான். கடைசிப் பத்து நிமிடம் ஜன்னத்தை அவளோடு ஒட்டவிட்டார் சார். 41-38. தப்பித்தோம்.

ஆட்டம் முடிந்து பார்த்தால் இரண்டு பேரும் ஒரே தண்ணீர்ப் பாட்டிலோடு படியில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஜன்னத் இத்தனை பேசி நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நாகர்கோவில் அணி சொந்த பஸ்ஸில் வந்திறங்கியது. எல்லோருக்கும் ஒரே மாதிரி பை, ஒரே மாதிரி ஷூ. முதல் பாதியில் பதினாறு புள்ளி பின்தங்கியிருந்தோம். நான் மனசுக்குள் ஊருக்குப் பஸ் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். இடைவேளையில் சார் தண்ணீர்தான் கொடுத்தார். பேச்சிதான் பேசினாள்: "ஏட்டி, அவளுவ இப்பவே அடுத்த மேட்சப் பத்திப் பேசிட்டு நிக்கா. காதால கேட்டேன். நம்மள யாருன்னே அவளுவளுக்குத் தெரியல."

அதற்குப் பிறகு நடந்ததை நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை. ஜன்னத் குதித்து விழுந்து எழுந்துகொண்டே இருந்தாள். பேச்சி பந்தைத் தரையோடு தரையாகத் தட்டிக்கொண்டு அவர்கள் கைகளுக்குக் கீழே நுழைந்து போனாள். நான் எப்போது நாற்காலியை விட்டு எழுந்தேன், எப்போது செருப்பைக் கழற்றினேன் என்று தெரியாது. சமநிலை. கடைசியில் ஜன்னத்தைத் தள்ளிவிட்டார்கள். இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவது வளையத்தில் சுற்றி வெளியே போய்விட்டது. இரண்டாவது உள்ளே. 52-51.

வடிவு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "மிஸ், உங்க பச்சை தப்பு, உங்க பச்சை தப்பு" என்று கத்தினாள். அவளை சார் ஒரு நிமிடம்கூட உள்ளே இறக்கவில்லை. அது அவளுக்கு ஞாபகமே இல்லை.

கூட்டத்தில் யாரோ கேட்டார்கள், இது எந்தக் கல்லூரி என்று. நான்தான் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன்.

சாயங்காலம் படிக்கட்டில் உட்கார்ந்து யோசித்தேன். இதைப் பார்த்த பிறகும் நிர்வாகம் விடுதியை மூடுமா? மனிதர்கள்தானே அவர்களும். ஊருக்குப் போனதும் மேடத்திடம் பேச வேண்டும்.

பிப்ரவரி 6, வெள்ளி

அரையிறுதி. 31-68. பேச்சியின் கணுக்கால் முதல் பத்து நிமிடத்திலேயே மடங்கிவிட்டது. வடிவை இறக்கலாமே என்று சாரிடம் கேட்டேன். "இந்த அடியில போயி அந்தப் பிள்ளைய ஏன் மேடம் தள்ளணும்? அடுத்த வருஷம் ஆடுவா" என்றார்.

பிப்ரவரி 7, சனி

இதை எழுதிவிட வேண்டும்.

வரும் வருடத்துக்கான பல்கலைக்கழக அணியை இன்று தேர்ந்தெடுத்தார்கள். மூன்றாம் வருடப் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. இந்த வருடமும் அடுத்த வருடமும் படிக்கிறவர்களில் பன்னிரண்டு பேர். ஜூலையில் கேம்ப். அரையிறுதிக்கு வந்த கல்லூரிகளின் பி.டி.யும், மேனேஜர் என்று அணியோடு வந்த ஆசிரியையும் கூட இருக்கலாம் என்றார்கள். தேர்வாளர்கள் மூன்று பேர். தலைவர் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர்.

இங்கேயும் பதினோரு பெயர் சீக்கிரம் முடிந்தது. கடைசி இடத்துக்கு ஜெனோவா, ஜன்னத்.

"அந்தக் கடலோரப் பொண்ணுதான்" என்றார் தேர்வுக் குழுவில் இருந்த அம்மா. "தனி ஒருத்தியா ஒரு டீமையே தூக்கிச் சொமந்தா. அப்படி ஸ்கோர் பண்ற பிள்ள இந்த டோர்னமென்ட்ல வேற யாரு?"

"முதல் ரவுண்டுல வெளிய போன காலேஜ் மேடம். நாகர்கோவில கவுத்த டீம்ல இருந்து ஒருத்தி இல்லன்னா நல்லா இருக்குமா? நமக்கு உயரமும் வேணும்" என்றார் இன்னொருவர்.

இப்படியே போனது. ஒருவர் புள்ளிகளைச் சொன்னார், ஒருவர் உயரத்தைச் சொன்னார். இசக்கி சார் ஜன்னத்துக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், கோயிலில் நிற்பதுபோல.

தலைவர் கடைசியில் தொப்பியைக் கழற்றினார். "ரெண்டு பேரும் நல்லாத்தான் ஆடுறாங்க. போன வருஷம் எடுத்ததுல ரெண்டு பேரு படிப்ப நிறுத்திட்டாங்க. கேம்ப்ல இடம் காலியாக் கெடந்தது. பி.டி. சார் இருப்பான்னுதான் சொல்லுவாரு. காலேஜ் சார்பா மேனேஜர் மேடம் நீங்க சொல்லுங்க. இந்தப் பொண்ணு அடுத்த வருஷம் இருப்பாளா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சன்னலுக்கு வெளியே பிள்ளைகள் பைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஜன்னத் முதுகு காட்டி நின்றாள், கேட்கக் கூடாது என்பதற்காக.

"இருப்பா சார்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார்.

சலுகை இல்லாவிட்டாலும் வீட்டில் கடன்பட்டாவது படிக்க வைக்கலாமே. நிர்வாகம் மனசு மாறலாமே. எனவே நான் சொன்னதைப் பொய் என்று சொல்ல முடியாது. தவிர, "இருக்க மாட்டாள்" என்றால் ஏன் என்று கேட்டிருப்பார்கள்.

பஸ்ஸில் ஜன்னத் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அத்தா என்று அவள் கூப்பிடும் தன் அப்பாவுக்கு ஃபோன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு என்னிடம் நீட்டினாள். அவர் கயத்தாறு பஸ் ஸ்டாண்டில் பழ வண்டி வைத்திருக்கிறவர். "எல்லாம் உங்க ஆசீர்வாதம் டீச்சர்" என்றார். பின்னால் வண்டிகளின் ஹாரன் சத்தம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

மேடத்திடம் பேசினேன். செய்தித்தாளில் வந்த போட்டோவை அவரும் பார்த்திருந்தார். நாளை பிரேயரில் பாராட்டு உண்டு, செக்ரட்டரி வந்து சால்வை போடுகிறார்.

"அப்ப விடுதி விஷயம் மேடம்?"

"சந்தோஷம்தான் ஹெப்சிபா. அதுக்கும் இதுக்கும் என்ன?" உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

பிப்ரவரி 11, புதன்

சால்வை போட்டார்கள். எனக்கும் ஒன்று.

பிப்ரவரி 26, வியாழன்

ரினியூவல் வந்துவிட்டது. ஜெபராஜ் ஜெபம் பண்ணலாம் என்றார். பண்ணினோம்.

மார்ச் 10, செவ்வாய்

காலையில் சுற்றறிக்கை ஒட்டினார்கள். மதியம் வகுப்பு முடிந்து வரும்போது பேச்சி காத்திருந்தாள். கணுக்காலில் இன்னும் கட்டு. மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி மரத்தடியில் நின்றார்கள்.

"எனக்கு ஒண்ணுமில்ல மிஸ், நான் ஏப்ரல்ல போறவ. இவளுவ எங்க போவா?" மரத்தடியைக் கை காட்டினாள். பிறகு நேராகப் பார்த்துக் கேட்டாள். "மிஸ், உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றேன்.

"நானும் அதத்தான் சொன்னேன். மிஸ்ஸுக்குத் தெரிஞ்சா நம்மகிட்ட சொல்லாம இருப்பாங்களான்னு" என்றாள்.

மார்ச் 13, வெள்ளி

ஸ்டாஃப் ரூமில் யாரும் இல்லாதபோது இசக்கி சார் வந்தார். உட்காரவில்லை.

"உங்களுக்கும் தெரியாதாம்லா மேடம்."

நான் விடைத்தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வடிவுக்காக அன்னைக்கு அம்புட்டுப் பேசினிங்களே. அப்ப எனக்கு வெளங்கல." கதவு வரை போய்த் திரும்பினார். "முன்னாலயே சொல்லியிருந்தா நாலு காலேஜ்ல கேட்டிருப்பேன். டோர்னமென்ட்ல எல்லா பி.டி.யும் அங்கதான நின்னான். நாகர்கோவில்காரன் ஜன்னத்தத் தரியான்னு என்கிட்டயே கேட்டான் மேடம். நான் சிரிச்சிட்டு, எங்க பிள்ளைய ஏன்யா தரணும்னேன். இப்ப ஃபோன் போட்டா அவங்க சீட்டு முடிஞ்சிபோச்சாம்."

போய்விட்டார். அதன் பிறகு வராந்தாவில் எதிரே பார்த்தால் வணக்கம் மட்டும் சொல்கிறார்.

ஏப்ரல் 30, வியாழன்

விடுதியைக் காலி செய்துவிட்டார்கள். நான் தேர்வு மேற்பார்வையில் இருந்தேன். போய்ப் பார்க்க முடியவில்லை.

ஜூன் 22, திங்கள்

கல்லூரி திறந்தது. ஆட்டக்காரப் பிள்ளைகளில் இரண்டு பேர் ஃபீஸ் கட்டித் திரும்பியிருக்கிறார்கள். வடிவு இல்லை. ஜன்னத் மே மாதமே டி.சி. வாங்கிவிட்டாளாம். திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள் என்று சொன்னார்கள்.

ஜூலை 6, திங்கள்

ஜன்னத் ஃபோன் செய்தாள். பல்கலைக்கழகத்திலிருந்து கேம்புக்கு வரச் சொல்லி மெசேஜ் வந்திருக்கிறது. கல்லூரியில் படிக்கிறாள் என்று போனஃபைட் சான்றிதழ் கொண்டுவர வேண்டுமாம்.

"கடையில பத்து நாள் லீவு கேட்டிருக்கேன் மிஸ். அத்தாவும் போன்னு சொல்லிட்டாக. அந்த சர்டிபிகேட் மட்டும் நீங்க வாங்கித் தந்திருவீங்களா?"

பார்க்கிறேன் என்றேன்.

ஆபீஸ் கிளார்க் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "டி.சி. வாங்கிட்டுப் போன பிள்ளைக்கு எப்படி மேடம் போனஃபைட்?" அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் போய்க் கேட்டேன்.

கடையின் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டு அவளிடம் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்திருந்தேன். "சரி மிஸ்" என்றாள். அப்புறம் ஏதோ யோசித்தவள்போல, "அப்ப என் எடத்துக்கு அந்த ஜெனோவாவக் கூப்பிடச் சொல்லுங்க மிஸ். அவதான் எனக்கு அடுத்து நின்னா. எடம் சும்மா கெடக்கக் கூடாதுல்லா?" என்றாள்.

ஜூலை 7, செவ்வாய்

தொப்பிக்காரத் தலைவரின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். கோபிப்பார் என்று நினைத்தேன். களைத்த குரலில்தான் பேசினார்.

"இருப்பான்னு நீங்க சொன்னதத்தானே மேடம் எழுதினேன்." பெருமூச்சு விட்டார். "அந்தக் கடலோரப் பொண்ணா? கேம்புக்கு ஆள் குறைஞ்சா எடுக்கலாம்னு நேத்தே விசாரிச்சோம். மே மாசம் கல்யாணம் ஆயிட்டுது. லிஸ்ட்ல பேரு வந்திருந்தா ரெண்டு வருஷம் தள்ளிப்போட்டிருப்பேன் சார், வரலியேன்னு அவங்க அப்பா சொல்லுதாரு. நான் என்ன சொல்ல?"

இந்த வருடம் பதினோரு பேரோடு கேம்ப் நடத்துகிறார்களாம்.

ஜூலை 8, புதன்

மதியம் மறுபடி ஜன்னத். பின்னால் கடையின் சத்தம். யாரோ மயில் கழுத்து நிறத்தில் பட்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லிட்டீங்களா மிஸ்?"

"சொல்லிட்டேன்."

"கூப்பிடுதாங்களாமா அவள?"

"கூப்பிடுறாங்களாம்" என்றேன். "போறாளாம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். குரலில் அவ்வளவு நிம்மதி. "மிஸ், அவ எப்பவும் இடது பக்கமாத்தான் உள்ள நொழைவா. அதக் கண்டுபிடிச்சுத்தான் அன்னைக்கு நான் அவள நிப்பாட்டுனேன். பெரிய டீம்காரளுவ ஒரே நாள்ல கண்டுபிடிச்சிருவா. வலது பக்கமும் பழகச் சொல்லுங்க மிஸ். ஜன்னத் சொன்னான்னு சொல்லுங்க."

"சொல்றேன்" என்றேன்.